உண்ணி, குரங்கு, பறவை: கியாசனூர் காய்ச்சலின் தடம் தேடிய சலீம் அலி

ஜனக்புரி (தில்லி), நவ. 12: மேற்கு தில்லியின் ஜனக்புரிக்குத் தென்மேற்கே, தில்லி - ஹரியாணா எல்லையில் உள்ள நஜஃப்கர் ஏரிக்குக் குளிர்காலந்தோறும் வரித்தலை வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து சேர்கின்றன. இத்தகைய பறவைகள் எவ்வழியே வருகின்றன, வரும்போது தம் உடலில் எவற்றைச் சுமந்து வருகின்றன என்னும் கேள்விகளுக்கு இந்தியாவில் பெரிய அளவில் விடை தேடத் தொடங்கியவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. அவர் பிறந்த நவம்பர் 12-ஆம் நாள், தேசியப் பறவை நோக்கல் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

பறவைகளைப் பற்றிய நூல்களின் ஆசிரியராகவும், சரணாலயங்களைக் காத்தவராகவும் சலீம் அலியை நாடு அறியும். உண்ணிகளால் பரவும் கொடிய காய்ச்சல் ஒன்றின் மூலத்தைத் தேடும் ஆய்வில் அவர் பங்கேற்றதும், அந்த ஆய்வே பின்னர் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளானதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அறிவியல் ஆய்வு, அதற்கான பணம், பொதுமக்களின் ஐயம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதிய அந்த வரலாறு, அவரது வாழ்க்கையின் நடுவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீண்டது.

மும்பையில் ஒரு சிட்டுக்குருவி

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி, 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி அன்றைய பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைகள் இல்லாத தாய்மாமன் அமீருத்தீன் தயப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தம் இல்லத்தில் அவரையும் உடன்பிறந்தோரையும் வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயப்ஜியும் அவருக்கு மாமன் உறவே.

சிறுவயதில் சலீமுக்கு வேட்டையில்தான் நாட்டம் இருந்தது. விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு காணப்பட்டது. அதை உண்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற ஐயத்துடன் மாமனிடம் எடுத்துச் சென்றார். மாமனுக்கும் அது எந்தப் பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராக இருந்த டபிள்யூ.எஸ். மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்துச் சிறுவனை அனுப்பி வைத்தார். மில்லார்டு அதை மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று அடையாளம் சொன்னதுடன், கழகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளின் சேகரத்தையும் திறந்து காட்டினார். சலீம் அலிக்கும் அந்தக் கழகத்துக்கும் இடையே ஏற்பட்ட அந்தத் தொடர்பு அவரது இறுதிக்காலம் வரை நீடித்தது.

கல்லூரிப் படிப்பு அவருக்குச் சீராக அமையவில்லை. இடையில் நிறுத்திவிட்டு, பர்மாவின் தவோய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் டங்ஸ்டன் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். சுற்றியிருந்த காடுகளே அவரை அதிகம் ஈர்த்தன. 1917-இல் பம்பாய் திரும்பி விலங்கியல் பயின்றார். 1918 டிசம்பரில் தெஹ்மினாவை மணந்தார்.

1926-இல் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவின் பறவை ஆய்வு நிலையத்தில், பறவைகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட உலோக வளையம் பூட்டிப் பறக்கவிடும் முறையை நேரில் கண்டு கற்றார். வளையம் பூட்டப்பட்ட பறவை வேறோர் இடத்தில் மீண்டும் பிடிபட்டால், அது கடந்துவந்த தொலைவும் திசையும் தெரியவரும். வலசைப் பறவைகளின் வழித்தடத்தை அறிய அக்காலத்தில் இதைவிட உறுதியான வழி இருக்கவில்லை.

1930-இல் அவர் தாயகம் திரும்பியபோது, நிதி நெருக்கடியால் அவரது பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. பம்பாய்க்கு அருகே உள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தெஹ்மினாவுடன் குடியேறினார். வேலையின்றி இருந்த அந்த மாதங்களில்தான் தூக்கணாங்குருவிகளின் கூடு கட்டும் பழக்கத்தை அவர் நாள்தோறும் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தார். ஆண் குருவி ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகளைக் கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட பெண் குருவிகளுடன் இணைசேர்வதை அவரது ஆய்வு விளக்கியது. பறவையைச் சுட்டுப் பதப்படுத்தி வகைப்படுத்துவதே பறவையியலாகக் கருதப்பட்ட காலத்தில், உயிருள்ள பறவையை அதன் வாழிடத்திலேயே ஆராயும் போக்கிற்கு அது வழிகாட்டியது.

அடுத்த ஆண்டுகளில் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி உள்ளிட்ட சமஸ்தானங்களின் ஆதரவுடன் பறவைக் கணக்கெடுப்புகளை மேற்கொண்டார். அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பயணச் செலவு மட்டுமே. முகாம்களில் உடனிருந்து துணைபுரிந்த தெஹ்மினா, 1939-இல் சிறிய அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து காலமானார். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941-இல் அவர் எழுதிய 'இந்தியப் பறவைகள்' என்னும் ஆங்கில நூல் வெளியாகி, எளிய வாசகர்களையும் பறவைகள் பக்கம் திருப்பியது. நாடு விடுதலை பெற்றபின் நிதியின்றித் தள்ளாடிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காகப் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி பெற்றுத் தந்தவரும் அவரே.

குரங்குகள் மடிந்த காடு

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டுப் பகுதியில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக இறந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. கருமுகக் குரங்குகளும் நாட்டுக் குரங்குகளும் மடிந்தன. அதே சமயத்தில் காட்டை ஒட்டிய ஊர்களில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் சென்றவர்கள் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். தலைவலி, தாங்கமுடியாத தசைவலி, சிலருக்கு இரத்தக்கசிவு ஆகியவை அதன் அறிகுறிகளாக இருந்தன. அந்த ஆண்டில் 466 பேரும், மறு ஆண்டில் 181 பேரும் பாதிக்கப்பட்டனர். உள்ளூர் மக்கள் அதைக் குரங்குக் காய்ச்சல் என்றே அழைத்தனர்.

குரங்குகள் இறப்பதும் மனிதர்களுக்குக் காய்ச்சல் வருவதும் சேர்ந்து நிகழ்ந்ததால், மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. ஆசியாவில் அதுவரை காணப்படாத அந்நோய் பரவினால் பேரழிவு நேரும் என்பதால், புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் உடனடியாகக் களத்தில் இறங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்கபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952-இல் தொடங்கிய அந்த மையமே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். அதன் அப்போதைய இயக்குநர் டெல்போர்டு வொர்க்கும் உடனிருந்த அறிவியலாளர்களும் 1957 மார்ச் மாதத்திலேயே நோயுற்ற குரங்கிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்ல.

ஆனால், அது எந்த வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற விடை மேலும் வியப்பூட்டியது. சோவியத் ஒன்றியத்தின் காடுகளில் உண்ணிகளால் பரவி மூளையழற்சியை உண்டாக்கும் வைரஸ்களுடன் அது நெருங்கிய உறவு கொண்டிருந்தது. சைபீரியாவின் ஓம்ஸ்க் பகுதியில் இரத்தக்கசிவுக் காய்ச்சலை ஏற்படுத்தும் வைரஸும் அதே வகையே. விரைவிலேயே கியாசனூர் காட்டின் உண்ணிகளிலும் புதிய வைரஸ் கண்டறியப்பட்டது. ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணியே அதன் முதன்மைக் கடத்தி எனத் தெரியவந்தது.

பனி படர்ந்த சைபீரியாவின் நோய்க்கு உறவான ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்கு எப்படி வந்தது? இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவும் இமயமலையும் இருந்தன. ஆண்டுதோறும் அந்தத் தொலைவைக் கடந்து வரக்கூடியவை வலசைப் பறவைகளே. அவற்றின் உடலில் ஒட்டிய உண்ணிகளோ, அவற்றின் இரத்தமோ வைரஸைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது.

நோய் திறந்த வாய்ப்பு

இந்தக் கருத்தைச் சோதிக்க வேண்டுமானால், இந்தியாவுக்கு எந்தெந்தப் பறவைகள், எங்கிருந்து, எப்போது வருகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அந்த விவரம் அப்போது எவரிடமும் முழுமையாக இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920களிலேயே சிறிய அளவில் வளையமிடும் பணியைத் தொடங்கியிருந்தபோதிலும், பெரிய அளவில் நடத்தப் பணம் இல்லை. ஹெலிகோலாந்தில் கற்றுவந்த முறையைத் தாயகத்தில் செயல்படுத்த சலீம் அலி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் கழகத்தின் பறவை வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது சலீம் அலிக்கு வயது 63. ஓய்வு பெற வேண்டிய வயதில் கட்ச், பரத்பூர், கோடியக்கரை எனப் பல இடங்களில் முகாம்களை நடத்தினார். பரம்பரையாகப் பறவை பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட பீகார் மாநிலத்தவர்கள் அம்முகாம்களில் பணியமர்த்தப்பட்டனர். பறவைக்குத் தீங்கு நேராமல் பிடிக்கும் அவர்களது கைத்திறன், மேலைநாட்டு வலைகளுக்கு ஈடாகப் பயன்பட்டது.

பிடிக்கப்பட்ட ஒவ்வொரு பறவையும் இனம் காணப்பட்டு, அளக்கப்பட்டு, எடை பார்க்கப்பட்டது. கழகத்துக்குத் தகவல் தெரிவிக்குமாறு கோரும் வாசகமும் எண்ணும் பொறித்த இலேசான வளையம் காலில் பூட்டப்பட்டது. ஆய்வுக்காக இரத்த மாதிரிகளும், இறகுகளுக்கிடையே ஒட்டியிருந்த உண்ணி முதலான ஒட்டுண்ணிகளும் சேகரிக்கப்பட்டன. ஒரே முகாமில் பறவையியலும் மருத்துவ ஆய்வும் இவ்வாறு இணைந்தன. காட்டுயிர்களின் நலனையும் மனிதர்களின் நலனையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்று இன்று உலக அமைப்புகள் வலியுறுத்தும் அணுகுமுறைக்கு, இந்தியாவில் கிடைத்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதனைக் கருதலாம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, வளையமிட்ட பறவைகள் சோவியத் ஒன்றியத்தின் பல பகுதிகளில் மீண்டும் கிடைத்தன. எந்த வாத்து எங்கே முட்டையிடுகிறது, எந்த உள்ளான் எவ்வழியே திரும்புகிறது என்ற படம் சிறிது சிறிதாகத் துலங்கியது. ஆனால், கியாசனூர் வைரஸை வலசைப் பறவைகள்தாம் கொண்டுவந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

விடை தரையில் இருந்தது

அதே காலத்தில் ஷிமோகா மாவட்டத்தின் காடுகளில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. கொலம்பிய நாட்டைச் சேர்ந்த ஜோர்ஜ் போஷெல், பின்னாளில் புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரான பி.கே. ராஜகோபாலன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் காட்டின் தரையிலேயே உண்ணிகளைத் தேடினர். அந்தப் பணியின் முடிவுகளைத் தொகுத்து 1969-இல் போஷெல் வெளியிட்ட கட்டுரை, பார்வையை வானத்திலிருந்து மண்ணுக்குத் திருப்பியது.

உண்ணி தன் வாழ்நாளில் மூன்று பருவங்களைக் கடக்கிறது. இளம்புழு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய ஒவ்வொரு பருவத்திலும் அதற்கு ஓர் உயிரியின் இரத்தம் தேவை. இளம் பருவங்களில் எலி, மூஞ்சூறு, குரங்கு, தரையில் இரைதேடும் காட்டுக்கோழி போன்ற பறவைகள் ஆகியவற்றின் மீது ஏறுகிறது. முதிர்ந்த உண்ணிக்குப் பெரிய விலங்கு தேவை. காட்டில் அத்தகைய விலங்குகள் குறைவாக இருக்கும்வரை உண்ணிகளின் பெருக்கமும் மட்டுப்பட்டிருந்தது.

காட்டை ஒட்டி மக்கள் குடியேறி, மரங்களை வெட்டி, நிலத்தைத் திருத்தியபோது நிலைமை மாறியது. மேய்ச்சலுக்காகக் காட்டுக்குள் ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் முதிர்ந்த உண்ணிகளுக்குத் தடையற்ற உணவாயின. இரத்தம் குடித்து உதிர்ந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடக்கூடியது. மாடுகள் சென்று வந்த தடங்களிலெல்லாம் உண்ணிகள் பெருகின. வைரஸ் அந்தக் காட்டுக்கு முற்றிலும் புதியதன்று, சிற்றுயிர்களிடையே அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்த ஒன்று மனிதச் செயலால் பெருகி வெளிப்பட்டது என்பதே போஷெல்லின் விளக்கத்தின் சாரம்.

இந்தச் சங்கிலியில் குரங்கின் நிலை இரங்கத்தக்கது. வைரஸ் தாக்கிய குரங்கு இறந்து விழுந்ததும், அதன் உடலில் இருந்த உண்ணிகள் உதிர்ந்து அவ்விடத்திலேயே குவிகின்றன. குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி நடமாடுவோர் நோய்க்கு ஆளாவது அதனால்தான். டிசம்பர் முதல் மே வரை இளம் உண்ணிகள் மிகுந்திருக்கும் மாதங்களே நோய் பரவும் பருவம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. பாதிக்கப்படுவோரில் 3 முதல் 5 விழுக்காட்டினர் உயிரிழக்கின்றனர்.

போஷெல்லின் விளக்கத்துக்கு வலுச் சேர்க்கும் நிகழ்வு 1980களின் தொடக்கத்தில் நேர்ந்தது. தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டாரத்தில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து பெருந்தொற்று ஏற்பட்டு, 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அந்தக் காட்டை அழித்ததில் பறவைகளுக்குப் பங்கு இருக்கவில்லை.

ஐயத்தின் நிழல்

ஆய்வுக்கான பணத்தைத் தேடும் போராட்டம் சலீம் அலியை வேறொரு சிக்கலில் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவி போதாத நிலையில், 1960களில் அமெரிக்க நிதி வந்தது. ஆசியா முழுவதும் வலசைப் பறவைகளையும் அவை சுமக்கும் நோய்களையும் ஆராய, பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு எலியட் மெக்லூர் நடத்திய திட்டத்துடன் கழகத்தின் பணி இணைக்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்குப் பணம் அளித்தது அமெரிக்கத் தரைப்படை.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்த நோயை எந்தப் பறவை எத்திசையில் கொண்டுசெல்லும் என்ற விவரம் ஒரு நாட்டின் இராணுவத்துக்கு எதற்காக என்ற கேள்வி எழுந்தது. உயிரியல் போருக்கு அந்தத் தரவுகள் பயன்படக்கூடும் என்று பலர் ஐயுற்றனர். சலீம் அலியுடன் இணைந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிகள் கொண்ட கையேட்டை எழுதிய டில்லன் ரிப்ளி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் பணியாற்றியவர் என்பதும் அந்த ஐயத்தை வளர்த்தது.

1974-இல் பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா செய்தி நிறுவனம், வெளிநாட்டு நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகள் குறித்துத் தொடர்ச்சியாகச் செய்திகளை வெளியிட்டது. தில்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்த கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை ஆய்வும் அவற்றில் இடம்பெற்றன. ஜோதிர்மய் போசு தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு இவற்றை ஆராய்ந்து 1975-இல் அறிக்கை அளித்தது. இத்தகைய ஆய்வுகளின் தரவுகள் வெளிநாட்டு இராணுவத் தேவைகளுக்குப் பயன்படக்கூடும் என்று குழு கவலை தெரிவித்தது. வெளிநாட்டு ஒத்துழைப்புடன் நடக்கும் ஆய்வுகளைக் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

தம் பணி முற்றிலும் அறிவியல் நோக்கம் கொண்டது என்பதே சலீம் அலியின் நிலைப்பாடு. முகாம்கள் வெளிப்படையாகவே நடந்தன. பறவைகளைப் பற்றிய விவரங்கள் கழகத்தின் ஆய்விதழில் அச்சாயின. ஆயினும், குழு எழுப்பிய கேள்வியைப் பொருளற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. ஆய்வாளரின் நோக்கம் தூயதாக இருக்கலாம். பணம் கொடுப்பவரின் நோக்கத்தை அதை வைத்து அளக்க முடியாது. நாட்டின் பறவைகளையும் நோய்களையும் ஆராய உள்நாட்டிலேயே நிதி ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தச் சிக்கல் நேர்ந்திருக்காது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு.

அமெரிக்கத் தரைப்படையின் திட்டம் 1970களின் தொடக்கத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளியான மறு ஆண்டே, 1976-இல், சலீம் அலிக்கு மத்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1958-இல் அவர் பத்ம பூஷண் பெற்றிருந்தார். அதே காலத்தில் கிடைத்த ஜே. பால் கெட்டி வனவுயிர்ப் பாதுகாப்புப் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே அளித்தார். தடைபட்டிருந்த பறவை வலசை ஆய்வு 1980-இல் மீண்டும் தொடங்கியது.

பரத்பூரின் பாடம்

மாடுகளும் காடும் பற்றிய கேள்வி அவரது முதுமையில் வேறு வடிவில் திரும்பி வந்தது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில், பரத்பூர் நீர்நிலையை வேளாண் நிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதைக் காக்கப் பாடுபட்டவர் சலீம் அலி. அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், மேய்ச்சலைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்தையும் அவர் ஆதரித்தார். 1982-இல் தடை நடைமுறைக்கு வந்தபோது, தலைமுறைகளாக அங்கு எருமைகளை மேய்த்துவந்த ஊர்மக்களுக்கும் காவல் துறையினருக்கும் மோதல் ஏற்பட்டு, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின.

பின்னர் அதே கழகத்தின் ஆய்வாளர்கள் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. எருமைகள் மேயாததால் புல் அளவுகடந்து வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்குத் தேவையான திறந்த நீர்நிலை சுருங்கியது. கியாசனூரில் மாடுகள் உண்ணிகளைப் பெருக்கின; பரத்பூரில் எருமைகள் நீர்நிலையைச் சீராக வைத்திருந்தன. ஓரிடத்துக்குப் பொருந்தும் விதி மற்றோரிடத்துக்குப் பொருந்தாது என்பதைக் காட்டியதும், சலீம் அலி வளர்த்தெடுத்த நீண்டகாலக் கள ஆய்வு முறையே என்பது குறிப்பிடத்தக்கது.

1985-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்ட அவர், அதே ஆண்டில் தமது தன்வரலாற்றையும் வெளியிட்டார். சிறுவயதில் சுட்டு வீழ்த்திய அந்தச் சிட்டுக்குருவியையே நூலின் பெயரிலும் நினைவுகூர்ந்தார். 1987-இல், 90-ஆம் வயதில், பம்பாயில் காலமானார்.

தொடரும் தேடல்

தமிழகத்துக்கும் அவரது பணிக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் பின்னும் நீடிக்கிறது. கோவை ஆனைகட்டியில் அவரது பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 1990-இல் நிறுவப்பட்டது. தேனி மாவட்டத்தின் மேகமலையில் 1948-இல் சேகரிக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்று, தனி இனம் என 1972-இல் கண்டறியப்பட்டு, அவரது பெயரையே தாங்கி நிற்கிறது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் பணி அவரது கழகத்தினரால் பல்லாண்டுகள் தொடரப்பட்டது.

கியாசனூர் காய்ச்சலும் ஓயவில்லை. நீண்டகாலம் ஷிமோகாவிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் அடங்கியிருந்த நோய், 2012-க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் எனப் பரவியது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் காடுகளில் குரங்கு இறந்து கிடந்தால் வனத்துறைக்கு உடனே தெரிவிக்குமாறு மக்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். முன்பு போடப்பட்டுவந்த தடுப்பூசியின் ஆற்றல் குறைந்ததால் அது 2022-இல் நிறுத்தப்பட்டது; புதிய தடுப்பூசியை உருவாக்கும் முயற்சி நடைபெற்று வருகிறது.

பறவைகள் நோயைச் சுமக்கவே மாட்டா என்று எவரும் சொல்வதில்லை. வேறு சில உண்ணிகள் பறவைகளின் உடலில் ஒட்டிக் கண்டம் கடப்பது ஐரோப்பாவில் உறுதி செய்யப்பட்டுள்ளது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோதும் வலசைப் பறவைகள் மீதே பார்வை திரும்பியது. அத்தகைய நேரத்தில் ஊகத்தைச் சரிபார்க்க, எந்தப் பறவை எங்கிருந்து எப்போது வருகிறது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவின் பெரும்பகுதிக்கு அடித்தளமிட்டது, காய்ச்சலின் மூலத்தைத் தேடி 1959-இல் தொடங்கிய முகாம்களே.

நஜஃப்கர் ஏரியின் வாத்துகள் மார்ச் மாதவாக்கில் வடக்கு நோக்கித் திரும்பும். உண்ணிக் காய்ச்சலின் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உச்சத்தை நெருங்குவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வதால் ஒன்றுக்கு மற்றது காரணமாகிவிடாது. அதை உறுதி செய்ய, வானில் பறவைகளைப் பின்தொடர்ந்த சலீம் அலியின் ஆய்வும், காட்டுத் தரையில் உண்ணிகளைத் தேடிய போஷெல்லின் ஆய்வும் சேர்ந்தே தேவைப்பட்டன.